வாடகைக்குப் போகும் பிள்ளைகளின் கணக்கு

பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்ற அனுமதி 2014 முதலே இருக்கிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இந்த விதிகளைத் திருத்தித் தொகுத்து வெளியிட்டது. எவ்வளவு தொகை வரை அனுமதிப்பது, ஏ.டி.எம். கார்டும் இணைய வங்கிச் சேவையும் தருவதா என்பதையெல்லாம் அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகள் பணத்தைக் கையாளப் பழக வேண்டும் என்ற நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், பிள்ளைகளின் கையில் கணக்கு வந்த வேகத்துக்கு அதைப் பற்றிய எச்சரிக்கை வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் இணைய மோசடிக் கும்பல்கள் புகுந்துவிட்டன.

மோசடியில் பறித்த பணத்தைக் கும்பல்கள் தங்கள் கணக்கில் வாங்குவதில்லை. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில் இறக்கி, அங்கிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளி, கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ எடுத்துவிடுகின்றன. இப்படிப் பயன்படும் கணக்குகளுக்கு ‘மியூல் அக்கவுண்ட்’ என்று பெயர். வாடகைக் கணக்கு என்று சொன்னால் விஷயம் சட்டென்று விளங்கும். இத்தகைய கணக்குகளை வைத்து எல்லை தாண்டிய கும்பல்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தளங்களையே நடத்துகின்றன என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2024 அக்டோபரில் வெளிப்படையாக எச்சரித்தது. வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்க வேண்டியிருந்தது. நிலைமை அவ்வளவு முற்றியிருக்கிறது.

இந்தக் கும்பல்களுக்குத் தோதான ஆள் யார்? சொந்தக் கணக்கும் கார்டும் இருக்க வேண்டும். கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட வேண்டும். சட்டம் தெரியாதவராக இருக்க வேண்டும். கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவரிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. பேச்சு டெலிகிராமில் தொடங்கும். சில நேரம் சீனியர் மாணவர் வழியாகவே வரும். ‘பகுதிநேர வேலை, உன் கணக்கில் பணம் வரும், நாங்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்பிவிடு, கமிஷன் எடுத்துக்கொள்’ என்பது ஒரு வகை. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர், சிம் கார்டு என மொத்தமாகக் கொடுத்துவிட்டுச் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. ‘இதில் என்ன தப்பு? என் கணக்கில் பணமே இல்லையே’ என்றுதான் மாணவர் நினைக்கிறார். அவரிடம் அவர்கள் வாங்குவது பணத்தை அல்ல, அவருடைய பெயரை.

பணத்தைப் பறிகொடுத்த ஒருவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்த மறுகணம் தேடல் தொடங்குகிறது. பணம் கடந்துபோன கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படுகின்றன. காவல் துறை முதலில் வந்து நிற்பது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்தான். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்ற பதில் கைது நடவடிக்கையிலிருந்து காப்பாற்றிவிடாது. 18 வயது நிறையாதவர் என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். நிறைந்திருந்தால் வழக்கமான நீதிமன்றம். அப்படி நீதிமன்றத்துக்குப் போனவர் அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த வழக்கும் கூடவே வரும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கல்வி உதவித்தொகைகளும் அப்படித்தான் வருகின்றன. குடும்பத்திலேயே முதன்முறையாகக் கார்டைக் கையில் வாங்கும் பிள்ளைகள் இவர்களில் ஏராளம். இவர்களின் கணக்கு முடங்கினால் மாதா மாதம் வரும் அந்த 1,000 ரூபாயும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். கணக்கை விடுவிக்க எந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போவது, யாருக்கு மனு எழுதுவது என்று சொல்லித்தர அவர்கள் வீட்டில் ஆள் இருக்காது.

ஆகவே பிள்ளைக்குக் கணக்கு தேர்வு செய்வதைக் கார்டின் வண்ணத்தையும் கேஷ்பேக் விளம்பரத்தையும் பார்த்து முடிக்கிற வேலையாக நினைக்கக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது வரம்பு. பாரத ஸ்டேட் வங்கியில் எந்த வயதுப் பிள்ளைக்கும் பெற்றோருடன் சேர்ந்து தொடங்கும் ‘பெஹ்லா கதம்’ கணக்கு இருக்கிறது. பத்து வயதைக் கடந்தவர் தனியே நடத்தும் ‘பெஹ்லி உடான்’ கணக்கும் இருக்கிறது. இரண்டிலும் கார்டுக்கு 5,000 ரூபாய் வரம்பு உண்டு. மற்ற வங்கிகளிலும் இத்தகைய கணக்குகள் உள்ளன. பதினைந்து வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோருடன் சேர்ந்த கணக்கே போதும். குறுஞ்செய்தி யாருடைய செல்பேசிக்கு வரும் என்பது அடுத்த கேள்வி. மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்காகவும் இருக்க வேண்டும். பிள்ளையின் சிறு சேமிப்பு அபராதத்தில் கரையக் கூடாது.

கார்டு வந்ததும் அதன் பூட்டுகளைப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபர் முதல், புதிய கார்டு உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும். இணையத்தில் வாங்குவது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தட்டிச் செலுத்துவது ஆகியவற்றை நாமாகத் திறந்துவிட்டால்தான் உண்டு. தேவை வரும்வரை திறக்காமல் இருப்பதே நல்லது. யு.பி.ஐ. மட்டும் போதும் என்பவர்களுக்கு ‘யு.பி.ஐ. சர்க்கிள்’ இருக்கிறது. பெற்றோர் கணக்கிலிருந்தே பிள்ளை செலவு செய்யலாம். ஒவ்வொரு முறையும் பெற்றோர் ஒப்புதல் கேட்கும்படி அதை அமைத்துக்கொள்ளவும் முடியும். வாடகைக்கு விடப் பிள்ளையிடம் கணக்கே இருக்காது. பதின்பருவத்தினருக்கென்று செயலிகள் விற்கும் ப்ரீபெய்டு கார்டுகளில் பெரும்பாலானவை வங்கிக் கணக்கே அல்ல, அவற்றில் போட்டுவைத்த பணத்துக்கு வட்டி கிடையாது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனை காப்புகளும் சேர்ந்தாற்போல விலகும் நாள் ஒன்று இருக்கிறது: பதினெட்டாவது பிறந்த நாள். வங்கி புதிதாகக் கையெழுத்து வாங்குகிறது. கணக்கு சாதாரணக் கணக்காகிறது. சிறார் வரம்பு மறைகிறது. பெற்றோரின் செல்பேசி எண் போய்ப் பிள்ளையின் எண் வருகிறது. சட்டமும் அன்றிலிருந்து அவரைப் பெரியவராகவே நடத்துகிறது. வீட்டை விட்டு விடுதிக்குப் போவதும் பெரும்பாலும் அதே ஆண்டில்தான். கும்பல்கள் வலை விரித்துக் காத்திருப்பதும் அந்த ஆண்டுக்காகத்தான். ஆனால் அந்த நாளில் வங்கியில் நடப்பது நாலைந்து இடங்களில் கையெழுத்து வாங்கும் சடங்கு மட்டுமே.

இதை மாற்றுவது வங்கிகளின் முதல் கடமை. 18 வயதான கணக்குகளுக்குப் பழைய வரம்பே தொடர வேண்டும்; கணக்குக்காரர் கிளைக்கு வந்து கேட்டால் மட்டும் உயர்த்தலாம். கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பது குற்றம் என்பதைத் தமிழில், ஒரே பக்கத்தில் அச்சிட்டு, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் மட்டுமே வந்துகொண்டிருந்த மாணவர் கணக்கில் திடீரென்று லட்சங்கள் புரண்டால், புகார் வரும்வரை காத்திராமல் அன்றே நிறுத்திக் கேட்க வேண்டும். சிறார் கணக்குகளின் எண்ணிக்கையை வளர்ச்சிக் கணக்கில் காட்டிக்கொள்ளும் வங்கிகள், அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும்.

மாநில அரசு, உதவித்தொகை வழங்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே சைபர் குற்றப் பிரிவு போலீசாரைக் கொண்டு ஒரு மணி நேர வகுப்பு நடத்த வேண்டும். தெரியாமல் சிக்கிய மாணவர் தானாக முன்வந்து சொன்னால், அவரைக் குற்றவாளியாக நடத்தாமல் சாட்சியாக நடத்தும் தெளிவான நடைமுறையும் தேவை. அது இல்லாதவரை பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆள் பிடிப்பவர்கள் தப்பித்துக்கொண்டே இருப்பார்கள்.

பெற்றோரும் ஒன்றைச் செய்தாக வேண்டும். முன்பின் தெரியாத பணம் கணக்கில் வந்தால் அதைத் தொடாமல், யாருக்கும் திருப்பி அனுப்பாமல், உடனே வங்கியிடமும் தங்களிடமும் சொல்லும்படி பிள்ளையைப் பழக்க வேண்டும். திட்டு விழும் என்று பயப்படும் பிள்ளை சொல்லாது.

அடுத்த கல்லூரிச் சேர்க்கைக்குள் வங்கிகளும் அரசும் இவற்றைச் செய்து முடிக்க வேண்டும். தவறினால், முடங்கும் ஒவ்வொரு மாணவர் கணக்குக்கும் அந்த மாணவரை மட்டும் குற்றம் சாட்ட அவர்களுக்கு உரிமை இராது.