முனியாண்டி சாமிக்கு வைக்கிற சுருட்டு யார் கைக்குப் போகுது?

கோயில் தொண்டர்கள் சார்பா கொஞ்சம் நீளமா எழுதறோம். பொறுமையா படிங்க. பிடிக்கலன்னா கீழே திட்டலாம், ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

விஷயம் சுருட்டு. நம்ம முனியாண்டி சாமிக்கு ஆண்டுப் பூசை வருது. போன கூட்டத்துல இதை வச்சே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. ஒரு பக்கம், "காலம் மாறிடுச்சு, சுருட்டு எல்லாம் அசிங்கம், நிறுத்திட்டு சர்க்கரைப் பொங்கல் மட்டும் வைப்போம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வர்ற வழக்கம், யாரும் கை வைக்காதீங்க" என்கிறார்கள். நாங்கள் இந்த ரெண்டு பக்கத்திலும் இல்லை. சாமிக்குச் சுருட்டு வைக்கலாம், வைக்கணும். ஆனா சாமி முன்னாடி வச்ச சுருட்டு மனுஷன் கைக்குத் திரும்பி வரக்கூடாது. இதுதான் எங்க கருத்து. ஏன்னு சொல்றோம்.

முதல்ல நிறுத்தணும்னு சொல்றவங்களுக்கு.

"ஆகமத்துல சுருட்டு இல்லையே" என்று ஒரு படித்த தம்பி கேட்டார். சரிதான், இல்லை. எப்படி இருக்கும்? புகையிலையே நம்ம ஊர்ச் செடி கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டு வந்து இந்தியாவில் பரவி நானூறு வருஷத்துக்கு மேல ஆகுது. ஆகமங்கள் அதுக்கு ரொம்ப முந்தியது. மிளகாயும் அதே மாதிரி அங்கிருந்து வந்ததுதான், இன்னைக்கு மிளகாய் இல்லாத படையல் குழம்பு உண்டா?

வந்த செடியை நம்ம ஆளுங்க நம்மளுதா ஆக்கிக்கிட்டாங்க. திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டுச் சுத்துறது பெரிய தொழிலாவே இருந்துச்சு. வெள்ளைக்காரன் அதைக் குடிச்சுப் பழகி, பேரையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டான். இங்கிலீஷ்ல 'செரூட்' என்கிற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், அந்தத் துப்பறிவாளர் கீழே கிடக்கிற சாம்பலைப் பார்த்தே இது திருச்சி சுருட்டுன்னு சொல்லிடுவார். லண்டன் வரைக்கும் போன சரக்கு அது.

தோட்டத்துக்கு வந்த நம்ம பெரியவங்க கையிலயும் அதுதான் இருந்துச்சு. துரை வாயில பைப், கிராணி வாயில சிகரெட், நம்ம ஆள் வாயில சுருட்டு இல்லன்னா பீடி. இப்படித்தான் எங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். வாயில எது இருக்குன்னு பார்த்தே ஆள் யாருன்னு தெரிஞ்சிடுமாம். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நின்னு, பால்மரக் காட்டுல கொசுவும் அட்டையும் கடிக்க நடந்தவங்க. லயத்துக்குத் திரும்பி வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பிடிக்கிற அந்தச் சுருட்டுதான் அவங்களுக்குக் கிடைச்ச ஒரே சொகுசு. மாரியம்மன் கோயில் தோட்டத்து நடுவுல இருக்கும். முனியாண்டி எல்லையில, மரத்தடியில, ஒரு கல்லும் ஒரு சூலமுமா நிப்பார். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது அவர் தூங்காம காவல் காக்கறார். காவல்காரனுக்கு நீ என்ன கொடுப்பே? உன்கிட்ட இருக்கிறதுல நல்லதை எடுத்துக் கொடுப்பே. அவங்க சுருட்டைக் கொடுத்தாங்க. அதுல அசிங்கம் எங்கே இருக்கு? அந்தச் சுருட்டைத் தூக்கிப் போட்டா, கொடுத்தவங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடற மாதிரிதான் எங்களுக்குப் படுது.

பல இடத்துல முனியாண்டி பேரை மாத்தி, மேல கோபுரம் வச்சு, குருக்களைக் கூப்பிட்டு அவரைச் சைவமாக்கிட்டாங்க. அது அந்தந்தக் கோயில் முடிவு, நாங்க குறை சொல்லல. இங்கே அப்படி வேண்டாம்னு மட்டும் சொல்றோம்.

இப்போ "கை வைக்காதே" கட்சிக்கு வர்றோம். இங்கதான் கொஞ்சம் காரமா பேச வேண்டியிருக்கு, மன்னிச்சுக்குங்க.

பாட்டன் வச்சது ஒரு சுருட்டு. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு என்ன நடக்குது? பெட்டி பெட்டியா வருது. நேர்த்திக்கடன்னு ஒருத்தர் ஒரு பெட்டி, அவரைப் பார்த்து இன்னொருத்தர் ரெண்டு பெட்டி. சில பேர் வெளிநாட்டு சிகார் கொண்டு வர்றாங்க, பேர் போட்ட தங்கக் கலர் வளையத்தோட. பூசை முடிஞ்சதும் தாம்பாளத்துல இருக்கிறதை ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போறாங்க. கேட்டா 'பிரசாதம்'. போன வருஷம் பூசை முடிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். பின் கேட்டுக்கிட்ட நாலு பையன்கள். பெரியவனுக்குப் பதினஞ்சு இருக்கும். ஒரே சுருட்டு, கை மாறி கை மாறிப் போகுது. ஒருத்தன் இருமறான், மத்தவன் சிரிக்கறான், இன்னொருத்தன் கைத்தொலைபேசியில படம் எடுக்கறான். "என்னடா இது"ன்னு கேட்டோம். "சாமி பிரசாதம் அங்கிள்"னு பதில் வந்துச்சு. அந்தப் பையன் பொய் சொல்லல. அவன் கண்ணு முன்னாடி பெரியவங்க அப்படித்தான் சொல்லி எடுத்துட்டுப் போனாங்க.

கடையில போய்க் கேட்டா அந்தப் பையனுக்குக் கிடைக்காது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து புதுச் சட்டம் நடப்புல இருக்கு. 18 வயசு ஆகாதவங்களுக்குப் புகைப் பொருள் விக்கக்கூடாது, வேப்பும் அதுல அடக்கம். வழிபாட்டு இடத்துல புகை பிடிக்கவும் கூடாது. மாட்டினா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். கடைக்காரன் கொடுக்கப் பயப்படறதை நாம தாம்பாளத்துல வச்சு, விபூதியும் சேர்த்துக் கொடுக்கறோம்.

"சுருட்டு சிகரெட் மாதிரி இல்லைங்க, புகையை உள்ளே இழுக்கறது இல்ல, அதனால ஒண்ணும் ஆகாது." இதைச் சொல்லாத ஆளே இல்லை. பைப் பிடிக்கிறவங்களும் இதையேதான் சொல்லுவாங்க. உள்ளே இழுக்காட்டியும் நிக்கோடின் உடம்புல சேரும். சுருட்டு, பைப் புகையோட தன்மை சிகரெட் புகையிலிருந்து வேற. காரத்தன்மை கூடினது. அதனால வாயில வச்சிருந்தாலே கன்னத்துச் சதை வழியா ரத்தத்துல கலந்துடும். வாய், உதடு, தொண்டை எல்லாத்துக்கும் புற்றுநோய் ஆபத்து இருக்கு. பெரிய சிகார் ஒண்ணுல ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ஆந்திராக் கடற்கரைப் பக்கம், விசாகப்பட்டினம் ஶ்ரீகாகுளம் மாவட்டங்கள்ல, சில பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள்ள வச்சுப் பிடிக்கிற வழக்கம் உண்டு. அவங்களுக்கு மேல் அண்ணத்துல புற்றுநோய் வர்றதை டாக்டர்கள் ரொம்ப காலமா எழுதிட்டு வர்றாங்க. நம்ம நாட்டையே எடுத்துக்குங்க. வாய்ப் புற்றுநோய் மத்த இனத்தை விட இந்தியர்களுக்குத்தான் அதிகம். அதுக்கு முக்கியக் காரணம் வெத்தலை பாக்கு, அதோட சேர்க்கிற புகையிலை. (பாட்டிமார்களே, கோவிச்சுக்காதீங்க. பாக்கு தனியா மென்னாலும் ஆபத்துதான்.) ஏற்கெனவே நம்ம வாய்க்கு இருக்கிற கஷ்டம் போதும், கோயில் வேற சேர்த்துக் கொடுக்கணுமா?

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லிடறோம். புகை பிடிக்கிறவங்களைக் கெட்டவங்கன்னு நாங்க சொல்லல. நாங்க வேலை பார்க்கிற ஆலையில முன்னே ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் இருந்தார், பைப் பிடிக்கிறவர். அவர் அதைப் பண்ற அழகைப் பார்க்கணும். கிண்ணத்துல அடியில தூளை லேசா போடுவார், மேல வர வர கொஞ்சம் கொஞ்சமா அழுத்துவார். ஒரு தடவை பத்த வைப்பார், அது பொங்கி வந்ததும் ஒரு சின்னக் கம்பியால அமுக்கி, திரும்பவும் பத்த வைப்பார். அவசரப்பட்டு இழுத்தா நாக்கு சுட்டுடுமாம். ஒரு பைப்பை இன்னைக்குப் பிடிச்சா நாளைக்கு அதுக்கு ஓய்வு கொடுக்கணுமாம், ஈரம் காயறதுக்கு. ஷிப்ட் முடிஞ்சு கூடாரத்துக்கு அடியில உட்கார்ந்தார்னா மெக்கானிக், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பையன், காவலாளின்னு நாலு பேர் தானா வந்து சேர்ந்துடுவாங்க. மெஷின்ல இருக்கிற பாதி கோளாறை அங்கே பேசியே கண்டுபிடிச்சிருக்காங்க. வந்த நாலு பேர்ல மூணு பேர் புகையே பிடிக்காதவங்க.

அப்போ எதுக்கு வந்தாங்க? பேசறதுக்கு. பின் கேட்டுப் பையன்களைப் பார்க்கும்போது எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவனுங்களுக்குச் சுருட்டு ருசியா தெரியுது? ஒருத்தன் கண்ணுல தண்ணி. கூட நாலு பேர் நிக்கறாங்க, ஏதோ ஆம்பளைங்க கூட்டத்துல சேர்ந்த மாதிரி இருக்கு, அதுக்குத்தான் நிக்கறானுங்க. அந்த இடம் கோயிலுக்கு வெளியே இருட்டுல இல்லாம உள்ளே வெளிச்சத்துல இருந்தா உள்ளே வருவானுங்க. இந்த நாலு பேரையும் இந்த வருஷம் பந்தல் வேலைக்குக் கேட்டிருக்கோம். மூணு பேர் சரின்னுட்டான். நாலாவது ஆளு "யோசிச்சு சொல்றேன்"னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருக்கான், பார்ப்போம்.

அருள் வந்து ஆடுறவங்களைப் பத்தியும் கேள்வி வருது. அது கஷ்டமான விஷயம். சாமி வந்தவர் சுருட்டு கேட்டா நாங்க யாரு தடுக்க? அது அவருக்கும் சாமிக்கும் உள்ளது. ஆனா ரெண்டு விஷயம் கேட்டுக்கறோம். அவர் வாயில வச்ச சுருட்டை வாங்கி மத்தவங்க இழுக்க வேண்டாம். கைக்குழந்தை முகத்துல புகை ஊதச் சொல்லி அம்மாமார்கள் பிள்ளையை நீட்ட வேண்டாம். விபூதி இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு, அதை வாங்கிக்குங்க. அதே மாதிரி தைப்பூசத்துல காவடி ஊர்வலத்துல சுருட்டோட நடக்கிற சில தம்பிகளைப் பார்க்கறோம். முருகனுக்கும் சுருட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்? முனியாண்டிக்கு வைக்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லலாம். அங்கே அதுவும் கிடையாது.

சரி, இந்த வருஷம் எப்படிச் செய்யலாம்னு நாங்க நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு சுருட்டு, பெட்டி வேண்டாம். பூசாரி அண்ணன் கையாலதான் பத்த வைக்கணும். சன்னதிக்கு வெளியே, காத்தாட, மணல் நிரப்பின மண்சட்டி வைப்போம். சுருட்டு அதுல நின்னு முழுசா எரியட்டும், சாமி எடுத்துக்கட்டும். சாம்பலை மரத்தடியில போட்டுடுவோம். தாம்பாளத்துல திரும்பி வர்றது பொரி, கடலை, வாழைப்பழம், பொங்கல், கறிக்குழம்பு படைக்கிறவங்களுக்குக் குழம்பு. சுருட்டு கிடையாது. பெட்டிக்குச் செலவு பண்ண நினைச்ச காசை அரிசியா கொடுங்க, அன்னதானத்துக்கு எப்பவும் பத்தாம போறது அரிசிதான்.

பூசாரி அண்ணன்கிட்ட இதைச் சொல்லத்தான் எங்களுக்குப் பயமா இருந்துச்சு. அவர் அந்தக் காலத்து ஆளு. முழுசா கேட்டுட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்க அப்பா வைக்கும்போது சாம்பல் ஆகிற வரைக்கும் யாரும் கிட்ட போகக்கூடாதும்பாரு. எடுத்துப் பிடிக்கிறதெல்லாம் பின்னாடி வந்த பழக்கம்"னு சொன்னார். பாட்டன் வழக்கம்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் கேட்டுக்குங்க.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அப்புறம் மண்டபத்துல கூட்டம் இருக்கு. இதுக்கு எதிரா பேசறவங்களும் வாங்க, வெளியில நின்னு பேசறதை விட உள்ளே வந்து பேசுங்க. டீ உண்டு. பூசை அன்னைக்குத் தீப்பெட்டி நாங்களே வச்சிருப்போம், நீங்க சுருட்டு ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வாங்க.