விடை வந்து சேரும் வரை வினவல் முடிவதில்லை

இந்தியாவில் தரவுத்தளப் பாடம் கற்கும் மாணவர் எவரும் பி பிளஸ் மரத்தை வரையாமல் தேர்வு எழுதுவதில்லை. கேட் தேர்வின் பாடத்திட்டத்திலும் தொடர்புசார் இயற்கணிதம், இயல்பாக்க வடிவங்கள், இன்டெக்ஸ், பரிமாற்றங்கள் யாவும் உள்ளன. ஆனால் கண்டெடுத்த விடையை வழங்கி எவ்வாறு கேட்டவரிடம் ஒப்படைக்கிறது என்பதற்கு அங்கே தனி இடமில்லை. சமையலை மட்டும் கற்பித்துப் பந்தி பரிமாறக் கற்பிக்காத கல்வி இது.

ஒப்படைப்பு அற்பமான வேலை அன்று. பெங்களூரின் 560001 என்னும் அஞ்சல் குறியீட்டை முழு எண்ணாகச் சேமித்தால் போஸ்ட்கிரஸ் அதற்கு 4 பைட் ஒதுக்குகிறது. அந்த ஒரு புலத்தை மட்டும் கொண்ட பதிவை இயல்பான உரை வடிவில் அனுப்பும்போது, செய்தி வகைக்கு 1, செய்தியின் நீளத்துக்கு 4, புலங்களின் எண்ணிக்கைக்கு 2, புலத்தின் நீளத்துக்கு 4, இலக்கங்களுக்கு 6 என 17 பைட் செல்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இதே உறை. எண்ணை எழுத்தாக்கும் உழைப்பு வழங்கிக்கு; எழுத்தை மீண்டும் எண்ணாக்கும் உழைப்பு பெறுபவருக்கு. பத்துப் பதிவுகள் கேட்கும் இணையதளத்துக்கு இது பொருட்டே அல்ல. சில கோடிப் பதிவுகளைக் கேட்கும் ஆய்வாளருக்கு இதுவே பெருஞ்செலவு.

இச்செலவு அளவுகோலிலும் அகப்படுவதில்லை. வினவலின் வேகத்தை அறிய அனைவரும் நாடும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை வினவலை இயக்குகிறது; விடையை அனுப்புவதில்லை. விடையை அனுப்பும் வடிவுக்கு மாற்றும் செலவைக் காட்டும் விருப்பத்தேர்வே 2024இல் வெளிவந்த 17ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் வலையமைப்பில் கழியும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை. எனவே "வினவல் விரைவாகத்தான் ஓடுகிறது, குறை உங்கள் நிரலில்தான்" என்று நிர்வாகி சொல்வதும், "வழங்கி மெதுவாக இருக்கிறது" என்று ஆய்வாளர் சொல்வதும் பாதி உண்மைகளே.

பெறுபவர் மெதுவாக வாங்கினால் நிகழ்வதையும் கருத வேண்டும். போஸ்ட்கிரஸ் வழங்கி பதிவுகளை 8192 பைட் கொண்ட இடையகத்தில் நிரப்பி அனுப்புகிறது. மறுமுனை வாங்காவிட்டால் வழியிலுள்ள இடையகங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. இறுதியில் வழங்கியின் செயல்முறையே காத்து நிற்கிறது. அதுவரை அந்த வினவல் பற்றியிருக்கும் காட்சிநிலை விடுபடுவதில்லை. அதற்குத் தேவைப்படக்கூடிய பழைய பதிவுகளை வேக்குவம் அகற்ற இயலாது. ஒருவரின் மந்தமான மடிக்கணினிக்காக, பலர் பயன்படுத்தும் அட்டவணை வீங்குகிறது.

மறுபுறம், முழு விடையையும் உடனே வாங்கிக்கொண்டால் பெறுபவரின் நினைவகம் நிரம்புகிறது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் சைக்கோபிஜி2 நூலகத்தின் இயல்பான கர்சரில், ஒரே ஒரு பதிவைக் கேட்டாலும் வினவலின் முழு விடையும் முன்னரே கணினிக்கு வந்துவிட்டிருக்கும். பெயரிட்ட கர்சரைப் பயன்படுத்தினால் விடை பகுதி பகுதியாக வரும். இந்த ஒரு வரி மாற்றத்தை அறியாமல் அதிக நினைவகத்துக்காக நிதி கேட்கும் ஆய்வகங்களுக்குக் குறைவில்லை. மைசீக்வலிலும் முழுவதையும் வாங்கிச் சேமிக்கும் முறை, ஒவ்வொன்றாக வாங்கும் முறை என இரண்டு உண்டு. எது தகும் என்பது வேலையைப் பொறுத்தது. தேர்வு இருக்கிறது என்பதையே அறியாதிருப்பதுதான் பிழை.

ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ராஸ்வெல்ட், ஹன்னஸ் மியூலைசன் இருவரும் 2017இல் இப்பொருளையே ஆய்வுக்கட்டுரையாக்கினர். பரவலாகப் பயன்படும் தரவுத்தளங்களின் அனுப்பு முறைகளை ஒப்பிட்டு, பெரிய விடைகளுக்கு அவை பொருந்தவில்லை என்று காட்டினர். ஒரே புலத்தின் மதிப்புகளைத் தொகுதியாகச் சேர்த்து அனுப்பும் வழியையும் முன்வைத்தனர். பின்னாளில் டக்டிபியை உருவாக்கியவர்களும் இவர்களே. எவரும் கவனிக்காத கடைசிப் பகுதியிலும் நல்ல ஆய்வுக்கு இடமிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வகப் பயிற்சியில் ஒரே வினவலை மூன்று விதமாக அளக்கச் சொன்னால் போதும்: வழங்கிக்குள் மட்டும், விடை முழுவதும் வந்து சேரும் வரை, பகுதி பகுதியாக வாங்கும்போது. மூன்று எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தன் கண்ணால் கண்ட மாணவர், முதல் எண்ணை மட்டும் வைத்து "வேகம்" என்று இனி எழுதமாட்டார்.