சத்திரசிகிச்சைக்கு முந்திய ஐந்து வாரங்கள்



“கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம். ஆனால் ஒப்பரேசன் செய்யாமல் முதலிலை கரண்ட் பிடிக்க வரட்டாம். கைவிட்டிட்டினமோ அக்கா?” கிராமங்களில் சுகாதார வகுப்பு நடத்தும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இம்மாதம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை வைத்து இதற்கு விடை தருகிறேன்.

இந்நோயில் இரு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று குழாயின் உட்புறத் தட்டைக் கலங்களில் தொடங்குவது. மற்றையது சுரப்பிக் கலங்களில் தொடங்குவது. முதலாவது வகை மேற்கு நாடுகளில் குறைவு. எங்கள் நாட்டில் அதுவே அதிகம். புகையிலையோடு வெற்றிலை, பாக்குச் சப்புவது அதற்கு ஒரு காரணம்.

கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத நோய்க் கலங்கள் அருகில் தங்கிவிடலாம். அதனால்தான் மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் ஒன்றாகக் கொடுத்து, கட்டியைச் சுருக்கிய பின் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். மருந்து, கதிர் தாக்குவதற்கு ஏற்றபடி நோய்க் கலங்களைப் பலவீனப்படுத்துகிறது.

நெதர்லாந்தில் 2004 முதல் 2008 வரை 368 நோயாளரைச் சேர்த்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை மட்டும். மற்றப் பிரிவினருக்கு முதலில் வாரம் ஒரு தடவையாக 5 வாரங்கள் கார்போபிளாட்டின், பக்லிடக்செல் ஆகிய மருந்துகளும், 23 நாட்கள் கதிர்ச்சிகிச்சையும். 2012 இல் முடிவு வெளியானது. முதற் பிரிவில் பாதிப்பேர் 24 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். மற்றப் பிரிவில் பாதிப்பேர் 49 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். கூட்டுச் சிகிச்சை பெற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தட்டைக் கல வகை நோயாளரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம், வெட்டி எடுத்த பகுதியில் நோய்க் கலமே காணப்படவில்லை. சுரப்பிக் கல வகைக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருந்து மட்டும் கொடுப்பது இதைவிட நல்லது என்று 2024 இல் ஜேர்மனிய ஆராய்ச்சி காட்டியது. ஆகவே எந்த வகை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் விழுங்கும்போது நோவு, களைப்பு, வாந்தி வரலாம். கஞ்சி, பால், முட்டை, மசித்த பருப்பு எனச் சிறிது சிறிதாகப் பல தடவை உண்ணுங்கள். நிறை குறைந்தால் சொல்லுங்கள். தேவையானால் குழாய் மூலம் உணவு கொடுப்பார்கள். காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சில வாரங்களில் சோறு இறங்கத் தொடங்கியதும், “சுகம் வந்திட்டுது” என்று வீட்டில் நின்றுவிடுகிறார்கள். கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே பார்க்கும் பெண்ணுக்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்த் தங்குவது எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டி சுருங்குவது வேறு, அழிவது வேறு. சத்திரசிகிச்சை வேண்டுமா, பரிசோதனைகளுடன் பார்த்திருக்கலாமா என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் நாளே எல்லாத் திகதிகளையும் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று உறவினரோடும் மாதர் சங்கத்தோடும் பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

இறைச்சி, சோறு தொண்டைக்குக் கீழே இறுகுகிறதா? காரணமின்றி மெலிகிறீர்களா? இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள். வேளைக்கு வருபவருக்கே இந்தச் சிகிச்சைகள் முழுப் பலன் தரும்.