மீதியை வெட்டாத கணக்கு

மலைத் தோட்டத்தில் கங்காணி மணிக்கொரு தடவை மட்டும் வரிசைப் பக்கம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் யார் கை காயில் இருக்கிறதோ அவர் பேரில் முழு மணி நேரத்தையும் எழுதிவிட்டுப் போகிறார். சிலமலையிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இப்படியொரு பேரேட்டை ஒரு நாள்கூடச் சகிக்க மாட்டார்கள். கணினியின் இயங்குதளமோ பல்லாண்டுகள் இந்த முறையில்தான் கணக்கு எழுதி வந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 100, 250 அல்லது 1000 முறை விழும். விழும் கணத்தில் ப்ராசஸரில் எந்த நிரல் இருக்கிறதோ, அதன் பேரில் முழுத் துடிப்பும் ஏறியது. துடிப்புக்குச் சற்று முன் ஒதுங்கி, பின்னர் மறுபடி நுழையும் நிரல் ப்ராசஸரைப் பெரும்பகுதி தின்றுவிட்டு ஒன்றும் தின்னாததுபோல் காட்டிக்கொள்ள முடிந்தது. ட்சாஃப்ரிர், எட்சியோன், ஃபைடெல்சன் மூவரும் 2007-இல் இதைச் செய்தே காட்டினார்கள். அதே ஆண்டு நிரல்களுக்கு ப்ராசஸரில் முறை ஒதுக்கும் ஷெட்யூலர், இங்கோ மோல்னார் புதிதாக எழுதியது, லினக்ஸில் சேர்ந்தது. அதுமுதல் லினக்ஸ் ஒவ்வொரு நிரலும் ஓடிய மொத்த நேரத்தை நானோநொடியில் அளக்கிறது.

மொத்தம் சரியாகிவிட்டது. ஆனால் அதில் நிரல் தனக்காக ஓடியது எவ்வளவு, அதன் பொருட்டுக் கெர்னல் உழைத்தது எவ்வளவு என்ற பாகப் பிரிவினை இன்னும் பொதுவாகப் பழைய துடிப்பை நம்பித்தான் நடக்கிறது. கெர்னல் பங்கை மொத்தத்தால் பெருக்கி, இரு பங்கின் கூட்டலால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான். தசமப் புள்ளி எண்களைக் கெர்னல் பொதுவாகத் தொடாது. அவற்றுக்கான ப்ராசஸர் பதிவேடுகளைச் சேமித்து மீட்பது கூடுதல் செலவு. எல்லாம் முழு எண்ணில் நடந்தாக வேண்டும்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. 64 பிட் எண்ணில் 584 ஆண்டுகளின் நானோநொடிகள் அடங்கும். ஆனால் ஏறக்குறைய 4.3 நொடியை 4.3 நொடியால் பெருக்கினாலே அந்த எண் நிரம்பி வழிந்துவிடும். வழியாமலிருக்க, எண்களின் கடைசி பிட்டுகளை வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். 2020-இல் பீட்டர் ஸெய்ல்ஸ்ட்ரா இதைச் சீர்திருத்தினார். சர்வர்களிலும் மேசைக் கணினிகளிலும் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸர் பெருக்கலை 128 பிட்டில் வைத்துக்கொண்டு 64 பிட் எண்ணால் வகுக்கும். அதற்குத் துல்லியமான விடை கிடைத்தது. அந்த வசதி இல்லாத ப்ராசஸர்களுக்கோ, அதாவது நம் கையிலிருக்கும் மொபைல்களின் ஏ.ஆர்.எம் வகைக்கு, பிட்டுகளை வெட்டும் தோராய வழியே மிஞ்சியது.

அந்த வெட்டு என்ன செய்தது என்பதற்கு 2024-இல் ஒரு கடும் சோதனையில் அகப்பட்ட எண்களைப் பாருங்கள். துடிப்புக் கணக்கில் கெர்னல் பங்கு 175136586720000 நானோநொடி, நிரலின் பங்கு 1416780000, உண்மையில் ஓடிய மொத்தம் 135989749728000. மொத்தம் கிட்டத்தட்ட 37 மணி 46 நிமிடம். கணக்குப்படி நிரலுக்குச் சேர வேண்டியது 1.1 நொடி. தோராய வழி எண்களில் 31 பிட்டுகளை வெட்டியது. 81554.988 என்று நிற்க வேண்டிய வகுஎண் 81554 ஆனது. அந்த .988 போன இடத்தில், விடையாக வந்த கெர்னல் பங்கு மொத்தத்தைவிட 199925530 நானோநொடி அதிகமாக வந்தது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் குறை எண். குறை எண் அறியாத பெட்டியில் அது சுழன்று 18446744073509626086 ஆகிவிடும். 37 மணி நேரம் ஓடிய நிரல் 584 ஆண்டு உழைத்ததாகப் பதிவு!

முதலில் ஒரு வரம்பு கட்டினார்கள்: கெர்னல் பங்கு மொத்தத்தைத் தாண்டினால் மொத்தத்தோடு நிறுத்து. அபத்தம் நின்றது, நிரலுக்குச் சேர வேண்டிய 1.1 நொடி வந்ததா? வரவில்லை, பூஜ்யமாயிற்று. அதன்பின் நிக்கோலஸ் பிட்ர் எல்லா ப்ராசஸருக்கும் விடை சரியாக வரும்படி, பெருக்கி வகுக்கும் அந்தக் கெர்னல் சார்பைத் திருத்தி எழுதினார். வரம்பு கட்டுவது அவசர வைத்தியம். பிட்ர் செய்ததுதான் வேலை.

இது நமக்கு எட்டாத விஷயமில்லை. சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் உருவான ப்ராசஸர் 2018-இல் லினக்ஸை இயக்கியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. 128 பிட் எண்ணை 64 பிட் எண்ணால் வகுக்கும் கட்டளை அதில் கிடையாது. துல்லியமான வழியை எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறவர்களின் உழைப்பை நம்பித்தான் நம் சொந்த ப்ராசஸரும் நிற்கிறது. நம் ஏட்டுக் கணக்கர்களுக்கும் மீதியின் அருமை தெரிந்திருந்தது. முந்திரி 1/320, அதற்கும் கீழே கீழ்முந்திரி 1/102400. வகுத்து மிஞ்சியதை எறியாமல், ஒரு படி கீழே இறக்கி எழுதினார்கள்.

நிரல் போட்டியின் கால வரம்பு, ஆய்வகச் சர்வரில் யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்ற பட்டியல், எல்லாம் இப்படியான நேரக் கணக்குகளின் மேல்தான் நிற்கின்றன. அவற்றை எழுதும் வரிகள் எவர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறோம், படிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. இந்தக் குறை நீங்க வேண்டும் என்று இந்த இதழ் மனமார விரும்புகிறது.

போடி அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களே, மேலே கொடுத்த மூன்று எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 31 பிட்டுகளை வெட்டியும் வெட்டாமலும் இரண்டு வழியிலும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு கெர்னலில் அந்த வகுத்தல் சார்பைத் திறந்து, வரிக்கு வரி தமிழில் விளக்கி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கிறோம்.