ஆற்றில் விடாதீர்கள்!

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையிலோ உங்கள் வீட்டுப் பரணில் பாட்டன் காலத்து மாந்திரீக ஏடு கிடக்கிறதா? "வீட்டுக்கு ஆகாது" என்று ஆடிப்பெருக்கில் விட்டுவிடாதீர்கள். ஏடுகள் அப்படி வெள்ளத்தோடு போனதற்கு வருந்தியவர் உ.வே. சாமிநாத ஐயர் (1855-1942).

மந்திரத்தில் மாங்காய் விழாது. நோய் வந்தால் மருத்துவரிடமே போங்கள். ஆனால், மந்திரம் எழுதிய கட்டிலேயே மருந்துக் குறிப்பும் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவர் பார்த்தால்தானே தெரியும்?

ஏட்டை ஈரம் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். கட்டுக்கு எண் போட்டு, யாருடையது, எந்த ஊர் என்று நோட்டில் எழுதுங்கள். சென்னையில் 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குத் தெரிவியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டு ஏடும் அங்கே ஏறட்டுமே!

பேயை விரட்டுமோ விரட்டாதோ, அது பாட்டன் கையெழுத்து.