இரைச்சலை அடைப்போம்

தோட்டப்புறப் பாதைக்கென்று நான் வாங்கிய பழைய நான்கு சக்கர இயக்க டீசல் வண்டியில், பின்னிருக்கையில் மகள் பேசுவது என் செவிக்கு எட்டவில்லை. மும்முறை "என்ன?" என்றேன்; பிறகு அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

வானொலியின் ஒலியைக் கூட்டுவது இதற்குத் தீர்வன்று. விலையுயர்ந்த ஒலித்தடுப்பு விரிப்பை முதலில் வாங்குவதும் வீண். நான் செய்த பிழை அதுவே. காற்று நுழையும் இடைவெளியில் ஓசையும் நுழையும். ஆகவே, கதவுகளின் தேய்ந்த ரப்பர்ப் பட்டைகளை முதலில் மாற்றுங்கள். இயந்திரப் பகுதியைப் பிரிக்கும் தகட்டின் துளைகளை அடையுங்கள். கதவடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், துருப்பிடிக்கும். அதன் பின்னரே அதிர்வைத் தணிக்கும் ஒட்டுவிரிப்பும், அதன்மேல் கனத்த ரப்பர் விரிப்பும் முழுப் பயன் தரும்.

பெற்றோர்களே, பள்ளிப் பயணம் பிள்ளைகள் மனம் திறக்கும் வேளை. அதனை இரைச்சலுக்குப் பலியிடலாமா?