சதுப்பு நிலமும் ஓர் இறங்குதளம்



2025 நவம்பர் 14 பிற்பகல், விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். விழுந்தது சேறும் நீருமான இடம் என்பதால் தரையிலும் யாருக்கும் ஆபத்தில்லை. விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது.

அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் சிறுசேரி. சிப்காட் வளாகத்தில் பகலில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், சுற்றிலும் அடுக்குமாடிகள். அதே விபத்து இங்கே நடந்திருந்தால் என்று எண்ணும்போதே நெஞ்சு பதறுகிறது.

மக்கள் நெருக்கமான பகுதியில், மிக உயர்ந்த கட்டடத்துக்கும் மேலே குறைந்தது 1,000 அடி உயரத்தில் பறக்க வேண்டும் என்பது சிவில் விமானங்களுக்கான விதி. அவசரநிலை நேர்ந்தாலும் கீழே உள்ளவர்களுக்குக் கேடில்லாமல் இறங்கும் உயரம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால், ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அந்த உயரத்தில் ஓரிரு நிமிடங்கள் கிடைத்தாலே அதிகம். அதற்குள் திடலோ ஏரியோ கண்ணில் பட வேண்டுமே! பழைய மாமல்லபுரம் சாலையோரத்து ஏரிகளையும் கழுவெளிகளையும் மனைகளாக்கிவிட்டால் விமானி எங்கே இறக்குவார்?

தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சிப் பாதைகளைக் குடியிருப்புகளைத் தவிர்த்துக் கடலோரமாக மாற்ற இயலுமா என்று விமானப்படை ஆராய வேண்டும். விசாரணையில் தெரிந்தவற்றில் பாதுகாப்புக்குப் பங்கமில்லாத பகுதியையாவது வெளியிட வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் கட்டட அனுமதி தரும் அதிகாரிகள், மிச்சமிருக்கும் நீர்நிலைகளில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிறுசேரி